படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சமூகப்பணி மாணவி: படியளப்பது யார்?

சமூகப்பணி முதுமாணி படிக்கும் ஒருவரைத் தேவை கூடிய அரச பாடசாலைக்குக் களப்பயிற்சிக்கு அனுப்பி, அந்தக் காலத்துக்கு ஒரு கொடுப்பனவும் கொடுக்கலாமா என்று கேட்டால், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். இழுபறி தொடங்குவது காசில். பேச்சு வந்தாலே எல்லோரும் தொகையில் போய் நின்றுவிடுகிறார்கள்: பதினைந்தாயிரமா, முப்பதாயிரமா? எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தக் காசு யார் கையால் வருகிறது என்பது. பயிற்சிக்கு வரும் பிள்ளை படியளக்கிறவர் பக்கம்தான் சாய்வார். அவர் கேட்பதைத்தான் எழுதுவார், அவர் கூப்பிட்ட கூட்டத்துக்குத்தான் போவார். ஆகவே வழிகளை ஒப்பிடும்போது, எந்தக் கை கொடுத்தால் இந்தப் பிள்ளை பகல் பதினொரு மணிக்கு எங்கே இருப்பார் என்று பார்ப்பதே என் அளவுகோல்.

முதலில், காசு ஏன் வேண்டும்? சம்பளமில்லாக் களப்பயிற்சி தானாகவே ஆளைத் தெரிந்தெடுத்துவிடும். கல்லடியில் தாய் தகப்பன் வீட்டில் இருந்து சாப்பிட்டுப் போகிறவர் தாக்குப்பிடிப்பார். வாகரையிலிருந்தோ கோமாரியிலிருந்தோ வந்து அறை எடுத்துத் தங்கியிருப்பவர் விட்டுவிடுவார். தேவை கூடிய ஊர்களின் பேச்சும் பழக்கமும் அறிந்தவர் அந்த இரண்டாமவர்தான். பட்டப்படிப்பு மாணவருக்காவது மகாபொல உதவித்தொகை உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக்கினார்கள். முதுமாணிக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவிலும் இதே முறைப்பாடுதான். அங்கே சமூகப்பணி முதுமாணிக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம், அதில் பெரும்பகுதி காலங்காலமாக இலவச உழைப்பு. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் கிளப்பிய 'களப்பயிற்சிக்குக் கொடுப்பனவு' இயக்கம் பல மாநிலங்களுக்குப் பரவியதற்குக் காரணம் அதுதான்.

அந்த 900 மணி நேரத்தை நம் பாடசாலைக்குள் வைத்துப் பாருங்கள். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை ஆறு மணி நேரம். வாரம் மூன்று நாள் என்றால் 18 மணி, மொத்தம் ஐம்பது வாரம். எந்தப் பாடசாலை ஆண்டிலும் அத்தனை வாரம் கிடையாது. பிற்பகலில் இரண்டு மணி நேரம் வீடுகளுக்குப் போவதையும் சேர்த்தால் வாரம் 24 மணி, முப்பத்தெட்டு வாரத்தில் முடிந்துவிடும். வீட்டுத் தரிசிப்பு இல்லாமல் ஓராண்டுக்குள் பயிற்சி முடியாது. எனவே கொடுப்பனவில் பெற்றோலும் ஒரு தலைப்பாக இருந்தாக வேண்டும்.

வீட்டுக்குப் போவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒன்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில், ஒரு பாடசாலையில் எட்டாம் தரத்து வரவு இடாப்பைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பையனின் வரிசையில் ஒக்டோபர் நடுப்பகுதி வரை இடையிடையே ஒன்று, பிறகு நெடுகச் சிவப்புப் பூச்சியம். பக்கத்தில் பென்சிலால் 'அறிவிக்கப்பட்டது' என்று ஒரு சொல். யாருக்கு அறிவித்தார்கள் என்று இல்லை. வீட்டில் அம்மம்மா மட்டும் இருந்தார், தாய் குவைத்தில். "அவன் மாமனோட மாட்டுப் பட்டிக்குப் போயிற்றான் மகன், வெள்ளாமை வெட்டினாத்தான் வருவான்" என்றார். மாரிப் போகம் தொடங்கினால் மாடுகளை வயல் பக்கத்திலிருந்து தூரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிவிடுவார்கள், அறுவடை முடிந்தால்தான் திரும்பும். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டம் பட்டிக்குத் தெரியாது. ஒக்டோபர் நடுவில் வந்து டிசம்பரில் போகும் ஒரு பயிற்சி மாணவர் இந்தப் பையனை ஒருநாளும் காணமாட்டார்.

நம் பாடசாலை ஆளணியில் சமூகப்பணியாளர் என்று ஒரு பதவி கிடையாது. இருப்பவர் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். அவருக்கும் பாடவேளை உண்டு. பட்டி வரை போக நேரமில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார். இந்த மூவருக்கும் நடுவே ஓடித்திரிய ஒருவர் இல்லாததுதான் குறை. இனி கைகளைப் பார்ப்போம்.

பாடசாலையே கொடுத்தால்

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் மாதாமாதம் ஒருவருக்குப் படி கொடுக்கும் அளவு காசு இருந்தால் அது தேவை கூடிய பாடசாலையே இல்லை. வெளியிலிருந்து யாராவது அதிபர் கையில் காசைக் கொடுத்து 'நீங்களே கொடுங்கள்' என்றாலும் நடக்கப்போவது தெரிந்ததே. கஷ்டப் பிரதேசப் பாடசாலையில் காலை எட்டு மணிக்கே இரண்டு வகுப்பு ஆசிரியர் இல்லாமல் கத்திக்கொண்டிருக்கும். கையில் பாடக்குறிப்பு இல்லாமல் ஒரு படித்த பிள்ளை மண்டபத்தில் நிற்கிறார். "தங்கச்சி, ஒரு ரிலீஃப் பாருங்களன்" என்று அதிபர் கேட்பது இயல்பு. இரண்டாம் வாரம் முதல் நேரசூசியில் பெயர் ஏறிவிடும். 2020இல் மாதம் 20,000 ரூபாய் படியோடு பட்டதாரிப் பயிலுநர்களை எடுத்து, அவர்களில் பலரைப் பாடசாலைகளுக்கு அனுப்பியபோது அபிவிருத்தி உத்தியோகத்தராக வந்தவர்கள் நாளடைவில் ஆசிரியர் வேலை பார்த்தார்கள். பிறகு 'அப்படியென்றால் ஆசிரியர் சேவையில் சேருங்கள்' என்று தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

தொண்டு நிறுவனம் கொடுத்தால்

இந்த மாவட்டங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கரையோர வீதியில் மதிலுக்கு மதில் நிறுவனப் பலகை தொங்கிய காலம் ஒன்று இருந்தது. உளசமூகப் பணி என்ற சொல்லையே ஊர் அப்போதுதான் கற்றுக்கொண்டது. நல்ல வேலைகளும் நடந்தன. அதற்கு முன்பே, போர்க்காலத்தில் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, வெவ்வேறு சமூகத்துப் பிள்ளைகளை ஒரு வளவுக்குள் விளையாட வைத்தது. அதை இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள்.

நிறுவனம் கொடுத்தால் நன்மை வேகம். கடிதம் எழுதி மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை, மோட்டார் சைக்கிளும் தருவார்கள். ஆனால் பகல் பதினொரு மணிக்குப் பயிற்சி மாணவி எங்கே இருப்பார்? பட்டறை நடக்கும் மண்டபத்தில், வருகைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பின்னால் பதாகை தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு இருப்பார். அறிக்கைக்கு நாற்பது பிள்ளைகள் வேண்டும். பட்டிக்குப் போன ஒரு பையனைத் தேடி மூன்று பிற்பகல் செலவழித்தால் அறிக்கையில் அது 'ஒன்று' என்று மட்டுமே வரும். அவரும் ஆள்தானே, நாற்பதின் பக்கம் போய்விடுவார். பிறகு புரொஜெக்ட் முடிந்துவிடும். நிதி தருகிற நாட்டில் ஆட்சி மாறினாலும் போதும்: 2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவிகள் ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டபோது, உலகம் முழுக்கச் சிறு நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின.

பல்கலைக்கழகம் மானியம் எடுத்துக் கொடுத்தால்

அமெரிக்காவில் இந்த வழிக்குத்தான் பெரிய வெளிச்சம் கிடைத்தது. பாடசாலைத் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு 2022 ஜூனில் கொண்டுவந்த சட்டத்தின் வழியே, பாடசாலை உளநல ஊழியரைப் பெருக்க 100 கோடி டொலர் ஒதுக்கினார்கள். பல்கலைக்கழகங்கள் வறிய கல்வி மாவட்டங்களோடு கூட்டுச் சேர்ந்து, முதுமாணி மாணவருக்குப் படி கொடுத்து அங்கே அனுப்பின. 250 மாணவருக்கு ஒரு சமூகப்பணியாளர் என்பது அங்கே சமூகப்பணியாளரின் தொழில்சார் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. அதற்கு எட்டாத தூரத்தில் இருக்கும் பாடசாலைகளுக்கே முதலிடம். மேற்பார்வை இறுக்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்தின் கை என்றால் கற்பதற்குத்தான் அழுத்தம். பிள்ளை நாட்குறிப்பு எழுதுவார், வாராவாரம் மேற்பார்வையாளரிடம் ஒரு மணி நேரம் உட்காருவார். பயிற்சி என்ற அளவில் இதற்கு இணை இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் முடிவில் அந்த மானியங்களைத் தொடரமாட்டோம் என்று அமெரிக்கக் கல்வித் திணைக்களம் கடிதம் அனுப்பியது. பணக்கார நாட்டின் அரச காசுக்கும் புரொஜெக்டுக்கு நேர்வது நேர்ந்தது.

நம் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மேற்பார்வையை அவர்கள் கையில் கொடுக்கலாம். காசைக் கொடுக்கச் சொன்னால், மானியம் எழுதுவதிலேயே ஒரு விரிவுரையாளரின் ஆண்டு போய்விடும்.

அரசு நேரே மாணவர் கணக்குக்குப் போட்டால்

அவுஸ்திரேலியா 2025 ஜூலை 1 முதல் இப்படிச் செய்கிறது. ஆசிரியப்பணி, தாதியம், மருத்துவிச்சிப் பணி, சமூகப்பணி ஆகிய நான்கிலும் கட்டாயக் களப்பயிற்சியில் இருக்கும் மாணவருக்கு, வருமானம் பார்த்து, வாரம் 300 டொலருக்கு மேல் கிடைக்கிறது. அங்கே சமூகப்பணிக்குப் பயிற்சி 1,000 மணி நேரம் என்பதால் அந்தக் காசு கைக்குப் பெரிது. மாணவரின் மானத்துக்கு இதுதான் நல்ல வழி; அதிபருக்கோ நிறுவனத்துக்கோ கடமைப்பட வேண்டியதில்லை. ஆனால் கல்லடியில் இருந்தாலும் காசு அதே, கித்துளில் இருந்தாலும் அதே. மனிதர் யாரும் பேருந்து நிற்கும் பாடசாலையைத்தான் எடுப்பார்கள். தேவை கூடிய பாடசாலை என்ற நோக்கம் இதில் அடிபட்டுப்போகிறது. கஷ்டப் பிரதேச ஆசிரியருக்கு உள்ளதுபோல இடத்துக்கு ஒரு மேலதிகப் படி வைத்தால் பாதி சரியாகலாம்.

மாகாணம் பொண்ட் எழுதிக் கொடுத்தால்

பொண்ட் என்றால், படி வாங்கிப் படித்தவர் பிறகு வேலை செய்து தீர்ப்பதாக எழுதும் கடப்பாடு. என் மனம் நிற்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 'நான்கு-ஈ' என்று ஒரு பகுதி உண்டு. அதன் கீழ் அரச சிறுவர் நலப் பணிக்கு வருவோரைப் படிப்பிக்கும் செலவில் 75 வீதம் வரை மத்திய அரசு ஏற்கிறது. மாணவர் படி வாங்குகிறார். படித்து முடித்ததும், வாங்கிய காலத்துக்கு ஏற்ப அரச சிறுவர் நல அலுவலகத்தில் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசைத் திருப்ப வேண்டும். 1980களிலிருந்து அது நிலைத்து நிற்கிறது, காரணம் அது சட்டத்துக்குள் இருக்கும் காசு.

இங்கே நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண விடயம். பெரும்பாலான பாடசாலைகளும் மாகாணத்துடையவை. காசு மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் வழியே வந்தால், பயிற்சி மாணவி பகல் பதினொரு மணிக்கு நன்னடத்தை உத்தியோகத்தரோடு மோட்டார் சைக்கிளில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய்க்கொண்டிருப்பார். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதியிலிருந்து படகுப்பாதைக்குக் காத்துக்கிடக்கவும் தேவையில்லை. அவர் திணைக்களத்தின் ஆள் என்பதால் அதிபரால் ரிலீஃபுக்குப் போட முடியாது. வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்கும் உரிமையும் கூடவே வரும். கல்வித் திணைக்களத்தின் வழியே கொடுக்கலாமே என்பார்கள். கொடுத்தால் வலயக் கூட்டத்துக்குப் புள்ளிவிபரம் தட்டச்சுச் செய்வதில் ஆள் முடிந்துவிடுவார்.

இதற்கு இரண்டு முட்டுக்கட்டை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. புதிய செலவுத் தலைப்பை வாதாடி எடுக்க ஊர் உறுப்பினர் இல்லை. ஆளுநரிடம் போக வேண்டும். மற்றது பெரிது. பதவி இல்லாமல் பொண்ட் எழுதுவது ஒருபக்கக் கயிறு. 'இரண்டாண்டு எங்களுக்கு வேலை செய்' என்று எழுதி வாங்கிவிட்டு, 'ஆளணி அங்கீகாரம் வரவில்லை' என்று சொன்னால் அந்தப் பிள்ளை வெளியில் வேலைக்கும் போக முடியாது. ஆகவே பொண்டில் மாகாணமும் கையெழுத்து வைக்க வேண்டும்: ஓராண்டு ஒப்பந்த வேலை தர முடியாவிட்டால் கடப்பாடு தானாக ரத்து.

ஏற்கெனவே சம்பளம் வாங்குபவரே படித்தால்

பெற்றோல் செலவைத் தவிர புதுக்காசு தேவையில்லாத வழி இது ஒன்றுதான். பாடசாலையில் இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரோ ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரோ சமூகப்பணி முதுமாணி படிக்கிறார், சம்பளத்தோடு களப்பயிற்சி செய்கிறார். அமெரிக்காவில் படிப்புக்கு அங்கீகாரம் கொடுக்கும் சபையும் 2022 விதிகளில், வேலைத்தலத்திலேயே பயிற்சி செய்வதைத் தாராளமாக ஏற்றுக்கொண்டது. சமூகப்பணிக் கல்வி இலங்கைக்குப் புதிதுமில்லை. கொழும்புப் பக்கத்தில் 1952இல் தொடங்கிய கல்விக்கூடம்தான் இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமாக நிற்கிறது.

ஆபத்து என்னவென்றால் ஒரே கதிரை. காலை ஆசிரியர், அதே பிள்ளைக்குப் பகல் சமூகப்பணியாளர். நேற்று நகம் பார்த்துத் தடியெடுத்தவரிடம் இன்று வீட்டுக் கதை சொல்ல எந்தப் பிள்ளை வரும்? இதற்கு ஆளை மாற்றுவதே வழி. மட்டக்களப்பு மேற்கு வலயத்தவர் வாரம் மூன்று நாள் கல்குடா வலயத்துக்கும், திருக்கோவில் வலயத்தவர் இன்னொரு வலயத்துக்கும் போகட்டும். சம்பளம் பழைய இடத்தில், பயிற்சி புதிய இடத்தில், மேற்பார்வை பல்கலைக்கழகத்திடம், பெற்றோல் மட்டும் மாகாணத்திடம். அதிபர் வருகைப் பதிவில் ஒப்பமிடுவதோடு சரி. வேலை சொல்லும் உரிமை அவருக்கு இருக்கக்கூடாது.

நீண்டகாலத்துக்குப் பொண்ட் வழிதான் என் தெரிவு. ஆளணி வரும் வரை காத்திருக்காமல் அடுத்த ஜனவரியிலேயே தொடங்கக்கூடியது இந்தக் கடைசி வழி. இதற்கும் இடறு இருக்கிறது: ஏற்கெனவே ஆசிரியர் பற்றாக்குறையில் இருக்கும் அதிபர், மூன்று நாளைக்கு ஒருவரை விடச் சம்மதிக்கமாட்டார். வலயப் பணிப்பாளர் வாய்மொழியாகச் சொன்னால் ஒரு தவணை விடுவார், பரீட்சைக் காலம் வந்ததும் திரும்பக் கூப்பிடுவார். விடுவிப்பு மாகாணச் சுற்றறிக்கையாக, ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று திகதி போட்டு வர வேண்டும். பட்டிக்குப் போகும் பையன்கள் இடாப்பிலிருந்து மறைவது அந்த ஆண்டின் கடைசி மூன்று மாதத்தில்தான்.