பவானி ஜமக்காளத்தில் நானே தைத்த கிராஸ் பேக்: மூன்று வருடம் மாட்டித் திரிந்த பிறகு

2022 டிசம்பரில் அம்மாவும் நானும் ஹம்பிக்குப் போகக் கிளம்பினோம். பெங்களூரு வரை ஒரு ரயில், அங்கிருந்து இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ், காலையில் ஹொசப்பேட்டை. இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், பணமும் போனும் உடம்போடு இருக்க வேண்டும். இதுதான் எனக்குத் தேவையாக இருந்தது. கடையில் பார்த்த பைகளில் பெரும்பாலும் ரெக்சின். ஈரோட்டு வெயிலுக்கு அது இடுப்பில் ஒட்டிக்கொள்ளும், ஒரு வருடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரியவும் ஆரம்பித்துவிடும். வீட்டில் ஓரம் எலி கடித்த பவானி ஜமக்காளம் ஒன்று பரணில் கிடந்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக, நடுப்பகுதி புதுசு மாதிரியே இருந்தது. அதை எடுத்துத்தான் தைத்தேன். அந்தப் பையைத்தான் இன்றைக்கும் மாட்டிக்கொண்டு போகிறேன்.

அளவு: அகலம் 10 அங்குலம், உயரம் 8 அங்குலம், அடிக்கனம் 2 அங்குலம். போன், பர்ஸ், சாவி, ஒரு சின்னத் துண்டு, மாத்திரை டப்பா, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வரை போகும். இதைவிடப் பெரிதாகத் தைக்க வேண்டாம் என்பது என் அனுபவம். இடம் இருந்தால் நாம் நிரப்பிவிடுவோம், சாயங்காலம் கழுத்துதான் வலிக்கும்.

ஜமக்காளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது சாதாரணத் துணி மாதிரி இல்லை. குறுக்கே ஓடும் ஊடை நூல் தடிமன், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அதற்குள் மறைந்திருக்கும். அதனால் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் கத்தரி பட்ட இடத்தில் நூல் கழன்று வந்துகொண்டே இருக்கும். முதல் துண்டை வெட்டி மேசையில் வைத்துவிட்டு ஜிப்பின் ரன்னர் தேடிப் போனேன். திரும்பி வருவதற்குள் ஓரத்தில் கால் அங்குலம் பிரிந்திருந்தது. எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் கால் மிதி மெஷின், நேர்த்தையல் மட்டும்தான் வரும், ஓரம் பிரியாமல் பிடிக்கும் ஜிக்ஜாக் தையல் வராது. அதனால் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன். சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டுக்கு உள்பக்கம் நெருக்கமாக இரண்டு வரி தையல் ஓட்டி, அதற்கப்புறம்தான் வெட்டினேன். தைத்துவிட்டு வெட்டினால் ஓரம் அசையாது. ஜமக்காளம், சணல், தளர்வாக நெய்த கைத்தறி என்று எதை எடுத்தாலும் இதைச் செய்யுங்கள்.

14 ஆம் நம்பர் ஊசி இரண்டு உடைந்தது. 16 போட்டதும் சரியாக ஓடியது. மூலைகளில் நான்கு மடிப்பு சேரும் இடத்தில் மட்டும் 18 போட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் குத்தினேன். நூல் பாலியெஸ்டர். உள்துணிக்கு வெளிர் மஞ்சள் பாப்ளின் வைத்தேன். இந்தப் பையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அது. ரயிலில் விளக்கை அணைத்த பிறகு கருப்புத் துணிக்குள் சாவியைத் துழாவிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

சாயம் போகும் என்று தெரியும். வெட்டுவதற்கு முன்பே மூன்று முறை வாளியில் ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினேன். துணி சுருங்குவதும் அதிலேயே முடிந்துவிட்டது. அப்படியும் வியர்வை பட்டு முதல் மாதத்தில் ஒரு வெள்ளைக் குர்த்தாவில் இடுப்புப் பக்கம் இளஞ்சிவப்பு ஏறியது. அதற்குப் பிறகு பையின் முதுகுப்பக்கம், உடம்பில் படும் இடத்தில், சாயம் போடாத காடாத் துணியை மேலே வைத்துத் தைத்துவிட்டேன். பிறகு கறை வரவில்லை.

இனி ஹம்பிக்கு வருகிறேன். பையின் உண்மையான குறை அங்கேதான் தெரிந்தது.

முதல் நாள் விருபாட்சர் கோயில், ஹேமகூட மலை. ஒன்றும் பிரச்சினை இல்லை. விட்டலர் கோயிலில் கல் ரதத்தின் முன்னால் நின்று, 50 ரூபாய் நோட்டை எடுத்து அதிலிருக்கும் ரதத்தையும் எதிரே நிற்கும் ரதத்தையும் அம்மா மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பர்ஸ், கண்ணாடிக்கூடு, பாட்டில் எல்லாம் அன்றைக்கு என் பையில்தான். இரண்டாம் நாள் விடியற்காலையில் மாதங்க மலை ஏறினோம். செங்குத்தான படிகள், சில இடங்களில் பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். உச்சியில் உட்கார்ந்து தண்ணீர் எடுக்கும்போது பார்த்தேன். இடது பக்கம், தோளில் மாட்டும் பட்டை கோத்திருக்கும் டி வடிவ வளையத்தைப் பிடித்திருந்த நாடா பையிலிருந்து அரை அங்குலம் மேலே வந்திருந்தது. தையல் அறுந்திருக்கவில்லை, நாடாவும் கிழியவில்லை. தையல் குத்திய இடத்தில் ஜமக்காளத்தின் நூல்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு நின்றன. அந்த இடைவெளி வழியாகத் தையல் வரி அப்படியே வழுக்கி மேலே வந்துகொண்டிருந்தது.

அறைக்கு வந்து, கொண்டுபோயிருந்த ஊசி நூலால் உள்துணியோடு சேர்த்துக் கையால் பத்துப் பதினைந்து முறை குத்தி இழுத்துக் கட்டினேன். ஊர் திரும்பும்வரை தாங்கியது. ஆனால் மனசு ஆறவில்லை. ஜிப் அறை, போன் அறை, ஓரத்துப் பைப்பிங் என்று அத்தனை நேரம் செலவழித்துவிட்டு, மொத்த எடையும் தொங்குகிற இரண்டு இடங்களுக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்திருந்தேன்.

ஈரோட்டில் எங்கள் தெருவில் தைக்கும் அக்காவிடம் காட்டினேன். விரலால் அந்த இடத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, "துணி மேலயே தெச்சா எப்படிக் கண்ணு நிக்கும்? அடியில கெட்டியா ஒண்ணு வெச்சுக் கொடுக்கணும்ல" என்றார். பழைய ஜீன்ஸ் பேன்ட்டிலிருந்து 3 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி உள்ளே வைத்து, நாடாவை இரண்டு அங்குலம் கீழே இறக்கி, நாலு பக்கமும் கட்டம் போட்டு நடுவில் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தைத்துக் கொடுத்தார். அது இன்றுவரை ஒரு இழை நகரவில்லை. ஜீன்ஸ் துணி நெருக்கமான நெசவு, தையல் அதில் பிடித்துக்கொள்கிறது. ஜமக்காளம் வெளியே அழகுக்கு இருக்கிறது, எடையை ஜீன்ஸ் சுமக்கிறது.

தோளில் மாட்டும் பட்டையையும் மாற்றினேன். முதலில் ஜமக்காளத்தையே நான்காக மடித்துப் பட்டை தைத்திருந்தேன். பார்க்கப் பொருத்தமாக இருந்தது, ஆனால் கனத்துப் போய், ஒரு மாதத்தில் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. இப்போது இருப்பது ஒன்றரை அங்குலப் பருத்தி நாடா. நைலான் நாடா இன்னும் உறுதிதான், ஆனால் காட்டன் சட்டை மேல் வழுக்கும், வியர்த்தால் கழுத்தை அறுக்கும். நீளம் கூட்டிக் குறைக்கிற பக்கிள் எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். எனக்கு முதலில் தோள் எலும்பு மேல் வந்து உட்கார்ந்தது. அதை முதுகுப் பக்கம் தள்ளித் தைத்ததும் இரவு ரயிலில் பையை மாட்டிக்கொண்டே தூங்க முடிந்தது. இரும்புப் பக்கிள் இரண்டாவது மழைக்காலத்தில் துரு விட்டு நாடாவில் பழுப்புக் கோடு போட்டது. இப்போது பித்தளை.

ஜிப் மீட்டரில் வாங்கிய 5 ஆம் நம்பர். மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை பல் சேராமல் வாய் பிளந்தது. ரன்னரின் பின்பக்கம் இரண்டு ஓரத்தையும் குறடால் லேசாக அழுத்தினேன், சரியாகிவிட்டது. ஜிப் வைக்கும்போது திசை முக்கியம். நான் வலது தோளில் மாட்டுவேன், பை இடது இடுப்பில் தொங்கும். மூடிய நிலையில் ரன்னர் முன்பக்கம், என் கைக்கு எட்டும் இடத்தில் வந்து நிற்கிற மாதிரி வைத்தேன். கூட்டத்தில் கை தானாக அதன் மேல் போய் உட்கார்ந்துவிடும். விருபாட்சர் கோயில் வாசலில் குரங்குகள் பைகளையே பார்த்துக்கொண்டு திரிகின்றன, அங்கேயும் இது உதவியது.

செலவு என்று பார்த்தால் துணி வீட்டிலிருந்தது. நாடா, ஜிப், வளையம், பாப்ளின், பிறகு மாற்றிய பித்தளைச் சாமான் எல்லாம் சேர்ந்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குளிர்ந்த தண்ணீரில் சோப்புத்தூள் போட்டுக் கையால் அலசி, நிழலில் காயப்போடுகிறேன். நனைந்தால் காய ஒன்றரை நாள் ஆகும், அடைமழையில் அது தொந்தரவுதான். அடிப்பக்க மூலை இரண்டிலும் சிவப்பு வெளுத்திருக்கிறது. துணி இன்னும் கெட்டியாகவே இருக்கிறது.

இப்போது அம்மாவுக்கு ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். இதில் நாடாவைப் பையின் மேல் விளிம்பில் நிறுத்தவில்லை. ஒரு பக்கவாட்டில் இறங்கி, அடியைச் சுற்றி, மறு பக்கவாட்டில் ஏறுகிற மாதிரி ஒரே நாடாவாக ஓட்டியிருக்கிறேன். பாட்டில் எடை முழுக்க நாடா மேலேயே உட்காரும், ஜமக்காளம் இழுபடாது. ஜிப் இன்னும் வைக்கவில்லை. அம்மாவுக்கு வலது தோளில் வலி இருப்பதால் இடது தோளில்தான் மாட்டுவார், ரன்னர் எந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மாட்டிப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும்.