ட்ரையல்ஸ் சைக்கிள் ஃப்ரீவீல்: ஆறு வருடத்தில் மூன்று

ட்ரையல்ஸ் என்பது பாறை, சுவர் போன்ற தடைகளைக் கால் தரையில் ஊன்றாமல் சைக்கிளிலேயே ஏறித் தாண்டும் விளையாட்டு. அதை ஓட்டுகிறவர்களுக்கு அந்த நொடி தெரியும். பின்சக்கரத்தில் மட்டும் நின்று, எதிரே உள்ள சுவரைப் பார்த்து, பிரேக்கை விட்டதும் பெடலில் ஓங்கி ஒரே மிதி. முன்னால் மிதித்தால் பிடித்து, மிதிக்காதபோது சும்மா சுழலவிடும் பாகம்தான் ஃப்ரீவீல். அந்த மிதியில் அது பிடிக்காமல் நழுவினால் கால் வெறுமையில் இறங்கும், உடம்பு முன்னால் போய் விழும். எனக்கு இரண்டு முறை இது நடந்திருக்கிறது. முதல் முறை முன்னங்காலில் ஆறு தையல். இரண்டாம் முறை தாடை ஹேண்டில்பாரில் மோதி, ஒரு வாரம் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. ஃப்ரீவீலைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

ஆறு வருடமாக இங்கிலாந்தின் லீட்ஸில் ஓட்டுகிறேன். 20 அங்குலச் சக்கரம், முன்னால் 18 பல், பின்னால் 12 பல். என் எடை 74 கிலோ. வாரத்தில் மூன்று நாள், பெரும்பாலும் ஈரத்தில்.

நம் ஊர் சைக்கிளில் ஃப்ரீவீல் பின்சக்கரத்தில் இருக்கும். ட்ரையல்ஸில் நிறைய வண்டிகளில் அது வலது கிராங்கிலேயே, அதாவது பெடல் மாட்டிய தண்டிலேயே, முடுக்கப்பட்டிருக்கும். பின்னால் உள்ள பல்சக்கரம் ஹப்போடு, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியோடு, ஒன்றாகவே சுற்றும். சக்கரம் உருண்டால் செயினும் கூடவே ஓடும். இதனால் பின் ஹப் எளிமையாகவும் லேசாகவும் இருக்கும். ஆனால் காலின் முறுக்கு முழுவதையும் ஃப்ரீவீலே வாங்க வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் நான் சும்மா ஏறி நின்றாலே 120 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. ஓங்கி மிதிக்கும்போது அது எங்கேயோ போய்விடும். இதே 18:12 கணக்கில் பின்ஹப்புக்குப் போய்ச் சேருவது அதில் மூன்றில் இரண்டு பங்குதான். சாதாரண சைக்கிளில் பத்து வருடம் உழைக்கும் ஃப்ரீவீல் இங்கே சில மாதத்தில் சாவதற்கு இதுதான் காரணம்.

நான் முதலில் போட்டது விலை குறைந்த, 18 கிளிக் ஃப்ரீவீல். ஒரு சுற்றுக்கு 18 இடத்தில்தான் பிடிக்கும் என்றால், அடுத்த பிடி கிடைப்பதற்குள் பெடல் 20 டிகிரி வரை, அதாவது கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர், சும்மா இறங்கும். பின்சக்கரத்தில் நின்று சமன் செய்யும்போது அந்த 6 சென்டிமீட்டர் மிகப் பெரிய தூரம். எட்டு மாதத்தில் உள்வளையத்தின் பற்கள் மழுங்கிப்போயின. ஆறு தையல் அப்போது போட்டதுதான்.

அடுத்து எதிர்த் திசையில் ஓடினேன். 108 கிளிக். பெடல் அசைவதற்குள் பிடித்துக்கொள்ளும், ஒரு சென்டிமீட்டர்கூட வீணாகாது. முதல் மாதங்களில் அவ்வளவு சந்தோஷம். ஆனால் கிளிக் எண்ணிக்கை சும்மா கூடிவிடாது. உள்ளே இருக்கும் பற்களைச் சிறிதாக்க வேண்டும். இல்லையென்றால் அவற்றைப் பிடிக்கும் சின்ன நாக்குகளை அணி அணியாக விலக்கிவைத்து, முறை வைத்துப் பிடிக்கச் செய்ய வேண்டும். முதல் வழியில் ஒவ்வொரு பல்லும் மெலிகிறது. இரண்டாவதில் ஒரு நேரத்தில் எடை தாங்கும் நாக்குகள் குறைகின்றன. பதினான்காம் மாதம், ஜனவரிக் குளிரில் அது நழுவியது. பிரித்துப் பார்த்தால் பல்லின் நுனிகள் உதிர்ந்திருந்தன, ஒரு ஸ்பிரிங் முறிந்திருந்தது. அதில் என் தவறும் உண்டு. தண்ணீர் புகக்கூடாது என்று கெட்டியான கிரீஸை அடைத்து வைத்திருந்தேன். குளிரில் அது இறுகி, நாக்குகளை எழவிடாமல் பிடித்துக்கொண்டது. அரைகுறையாக எழுந்த நாக்கு பல்லின் நுனியில் மட்டும் மாட்டும், அந்த நுனியையும் உடைத்துவிடும்.

மூன்றாவது, கலிஃபோர்னியாவின் பெடலூமாவில் இருக்கும் வைட் இண்டஸ்ட்ரீஸின் ஈனோ ட்ரையல்ஸ் மாடல். 72 கிளிக், 5 டிகிரி, பெடலில் ஒன்றரை சென்டிமீட்டர். நான்கு வருடம் நெருங்குகிறது, ஒருமுறைகூட நழுவவில்லை. 108-ல் இருந்து 72-க்கு இறங்கியது காலுக்கு ஒரு வாரம் தெரிந்தது, அப்புறம் மறந்துவிட்டது. விலை அதிகம்தான். ஆனால் பிரிக்கலாம், பேரிங் மாற்றலாம். தூக்கி எறியும்படி மூடிய ஃப்ரீவீல் எதையும் இனி வாங்க மாட்டேன்.

பராமரிப்பில் நான் கற்றது கொஞ்சம்தான். நாக்குகளுக்கு மெல்லிய ஆயில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஊரில் சைக்கிள் கடையில் ஃப்ரீவீலை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கையால் சுற்றிச் சுற்றி அழுக்கு எடுப்பார்கள். அருமையான முறை. ஆனால் அடைத்த பேரிங் உள்ளதை அப்படியே முக்காதீர்கள், பேரிங்கின் கிரீஸும் கழுவிக்கொண்டு போய்விடும். வண்டியில் ஏறியதும் பின்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழு எடையையும் பெடலில் போட்டு நாலைந்து முறை அமுக்குவேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தாலும் அன்று சுவர் பக்கம் போக மாட்டேன்.

இன்னொன்று, இது முக்கியம். எல்லா நழுவலும் ஃப்ரீவீலால் வருவதில்லை. பின்னால் 12 பல்தான் இருக்கிறது. செயின் நீண்டு தொங்கினால் அந்தப் பல்லைத் தாண்டிக் குதிக்கும், காலுக்கு அதே உணர்வுதான். ஒரு தடவை புது ஃப்ரீவீல் வாங்க இருந்தேன். செயினிலும் பின் பல்சக்கரத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு, பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஓங்கி மிதித்துப் பார்த்தேன். மிதித்த பிறகு கோடு விலகியிருந்தது. குற்றவாளி செயின். புது செயினோடு போயிற்று.

கழற்றுவதைப் பற்றியும் வாங்கும்போதே யோசியுங்கள். ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை கிராங்கில் இன்னும் இறுக்குகிறது. கருவி உட்காரும் காடி இரண்டே இரண்டு என்றால் கருவி வழுக்கிக் காடியையே தின்றுவிடும், குறைந்தது நான்கு காடியாவது இருக்கட்டும். மாட்டும்போது புரியில் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையால்தான் போட வேண்டும். கழற்ற, கருவியை வைஸில் (மேசையில் பொருத்திய இடுக்கிப் பிடியில்) பிடித்து, ஃப்ரீவீலை அதன்மேல் உட்காரவைத்து, கிராங்கையே நெம்புகோலாக்கி இடஞ்சுழியாகத் திருப்புங்கள். கருவி விலகாமல் இருக்க ஒரு போல்ட்டால் மெதுவாகப் பிடித்துவைப்பது நல்லது.

போன வாரம் பேரிங் மாற்றுவதற்காக என்னுடையதைக் கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பற்களின் விளிம்பு இன்னும் நேராக நிற்கிறது. புது பேரிங்கை அழுத்திவிட்டு, நாக்குகளுக்குச் சொட்டு ஆயில் விட்டு, அப்படியே மூடினேன்.