இளைஞர் மன்றத்தின் ஆண்டுக் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்: கோத்தகிரிப் பக்கத்துக்கு எப்படி?

சந்தா, நன்கொடை, பொங்கல் விளையாட்டு, ஆகஸ்ட் 15 கொடியேற்றம், மாலை டியூஷன் என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும் ஊர் மன்றத்துக்கு, காசில்லாமல் கிடைக்கும் கணக்கு ஆப்களில் கூகுள் ஷீட்ஸைத் தயங்காமல் சொல்லலாம். மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அதிலேயே வரும் ரெடிமேட் பட்ஜெட் டெம்ப்ளேட்டை மட்டும் தொடாதீர்கள். அது குடும்பச் செலவுக்குச் செய்தது. வெற்று ஷீட்டில் தொடங்குங்கள்.

மூன்று டேப் போதும்: வரவு, செலவு, மாத இருப்பு. மூன்றாவதுதான் உயிர். ஏப்ரல் முதல் மார்ச் வரை 12 வரிசை. தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. ஒரு மாதத்தின் முடிவு இருப்பு அடுத்த மாதத்தின் தொடக்கமாக ஃபார்முலாவில் வந்துவிட வேண்டும்.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? 60 பேர், மாதம் 50 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000. அவ்வளவும் வசூலாகாது, 70 சதவீதம் என்று போட்டால் 25,200. திட்டமிட்ட செலவு 25,000. மொத்தத்தைப் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் டிசம்பருக்குள் 9,000 செலவாகி, பொங்கலுக்கு 16,000 தேவை என்றால், ஜனவரிச் சந்தாவையும் சேர்த்துக் கையில் இருப்பது 12,000தான். 4,000 துண்டு விழும். நோட்டில் கடைசிப் பக்கத்து மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ஷீட்டில் 12 மாதத்துக்கும் எதிர்பார்க்கும் வரவு செலவை முன்னதாகவே எழுதி, முடிவு இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மட்டிங் போட்டால், ஏப்ரலிலேயே கண்ணில் படும்.

நம் நீலகிரி மலையில் இந்தத் துண்டு இன்னும் பெரிதாகும். பனிக்காலத்தில் கொழுந்து குறையும், பசுந்தேயிலைக் காசு குறையும், சந்தாவும் இழுபடும். அதனால் 12 மாதத்துக்கும் ஒரே தொகை போடாமல், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வசூலைக் குறைத்தே எழுதுங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. வெளியூர்ப் பயணத்தை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். செலவுத் தலைப்பில் பாட்டில் தண்ணீரே வேண்டாம். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருப்பதால் தண்ணீர் கேன், எவர்சில்வர் டம்ளர் வாடகை என்று போட வேண்டும்.

இனி, எங்கே சொதப்பும் என்று பார்ப்போம். பழக்கதோஷத்தில் தொகையை '500/-' என்று அடித்தால் ஷீட்ஸ் அதை எண்ணாக எடுக்காது, எழுத்தாக எடுத்துக்கொள்ளும். கூட்டலில் அந்த 500 சத்தமில்லாமல் விட்டுப்போகும். வெறும் 500 மட்டும் அடியுங்கள். தொகை கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் சந்தேகப்படுங்கள். தேதியிலும் இதே வம்பு: லொகேல் (எந்த நாட்டு முறை என்ற அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால் 05/04 என்பது மே 4 ஆகிவிடும். செட்டிங்ஸில் இந்தியா என்று மாற்றிவிட்டே முதல் வரியை எழுதுங்கள். செலவுத் தலைப்பை ஆளாளுக்கு 'பந்தல்', 'பந்தல் வாடகை' என்று அடித்தால், தலைப்புவாரியாகக் கூட்டும் சம்இஃப் (SUMIF) ஃபார்முலா இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காது. டிராப்டவுன் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது சிக்னல் விஷயத்தில். பள்ளத்தில் இருக்கும் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) டவர் கிடைக்காது. கூட்டத்துக்குக் கிளம்பும் முன்பே ஆப்பில் அந்த ஃபைலை ஆஃப்லைனுக்கு எடுத்துவையுங்கள். ஆஃப்லைனில் இருவர் ஒரே கட்டத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது காணாமல் போகலாம். எனவே எழுதுவது பொருளாளர் மட்டும், மற்றவர்களுக்குப் பார்வை அனுமதி மட்டும். தவறிப்போய் ஏதாவது அழிந்தால் கணினியில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

ஷீட்டைப் பொருளாளரின் சொந்த ஜிமெயிலில் தொடங்கவே வேண்டாம். அவர் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போய்விட்டால் கணக்கும் அவரோடு போய்விடும். மன்றத்தின் பெயரில் தனி ஐடி, அதன் பாஸ்வேர்டு தலைவரிடமும் செயலாளரிடமும். பில் போட்டோக்களையும் அந்த ஐடியின் டிரைவிலேயே போடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி அதற்குத் தாராளம்.