ஸ்கூபா கற்க ஹேவ்லாக்கா, புதுச்சேரியா? வடசென்னையிலிருந்து ஒரு அலசல்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் இருப்பவர்கள் ஸ்கூபா, அதாவது சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் இறங்குவதைக் கற்றுக்கொள்ள நினைத்தால் நடைமுறையில் இரண்டு வழிதான். பேருந்து ஏறிப் புதுச்சேரி போகலாம். இல்லாவிட்டால் விமானமோ கப்பலோ பிடித்து அந்தமான் போய், அங்கிருந்து படகில் ஹேவ்லாக். 2018 கடைசியில் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் டைவ் அடிப்பவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான். லட்சத்தீவிலும் கர்நாடகத்தின் நேத்ராணியிலும் நான் இறங்கியதில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஓப்பன் வாட்டர் என்கிற முதல்நிலை கோர்ஸை நான் முடித்தது ஹேவ்லாக்கில். அப்புறம் புதுச்சேரியிலும் கொஞ்சம் இறங்கியிருக்கிறேன். முதன்முதலாகக் கற்பவர் என்னைக் கேட்டால் ஹேவ்லாக் என்றுதான் சொல்வேன்.

"துட்டு குடுத்து முழுவுறதுக்கு அந்தமானாடா? இங்கயே கல்லு மேலருந்து குதி" என்றார் காசிமேட்டில் விசைப்படகில் போய்வந்த சித்தப்பா. அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அவருக்கே தெரியும். ஒரு பக்கம் கூவம், இன்னொரு பக்கம் எண்ணூர் முகத்துவாரம், நடுவில் துறைமுகம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயைக் கரையில் வாளி வாளியாக அள்ளியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்தத் தண்ணீரில் முங்கினால் நம் கையே நமக்குத் தெரியாது.

காசு விஷயம் சுருக்கமாக: கோர்ஸ் கட்டணத்தில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விமானம், படகு, தங்கும் செலவில்தான் ஹேவ்லாக் எகிறும். சான்றிதழும் ஒன்றேதான். பாடி (PADI), எஸ்எஸ்ஐ (SSI) என்று எந்தப் பயிற்சி அமைப்பு கொடுத்ததாக இருந்தாலும் 18 மீட்டர் வரை இறங்க உலகம் முழுக்கச் செல்லும். இரண்டு இடத்திலும் கடலில் நான்கு டைவ், மொத்தம் மூன்று நான்கு நாள். 200 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், பத்து நிமிடம் மிதக்க வேண்டும். ஆஸ்துமா, காதுக் கோளாறு இருந்தால் டாக்டர் கடிதம் கேட்பார்கள். போட்டோவுக்காக ஒரே ஒரு முறை இறங்கும் ட்ரை டைவ் வேறு. அதில் இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரைப் பிடித்தபடியே கூட வருவார். நான் சொல்வது கோர்ஸ் பற்றி.

என் முடிவு நின்றது ஒரே விஷயத்தில்: முதல் தடவை ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) கவ்விக்கொண்டு மூச்சு இழுக்கும்போது காலுக்குக் கீழே என்ன இருக்கிறது? ஹேவ்லாக்கில் இரண்டாம் நம்பர் கடற்கரையை ஒட்டி நீமோ ரீஃப் என்று ஒரு இடம். கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். இடுப்பளவு தண்ணீர், கழுத்தளவு தண்ணீர், அப்புறம் மணல் சரிந்து சரிந்து ஆழத்துக்குப் போகிறது. கோர்ஸில் எல்லோரும் திணறும் பயிற்சி மாஸ்க்கில் தண்ணீர் விடுவது. பாதி மாஸ்க் நிரம்பியதும் மேல்விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். படிக்கும்போது சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறியதும் மூளை சொல்வது ஒன்றே ஒன்று, மேலே ஓடு. அங்கே பயந்தால் எழுந்து நிற்கலாம். நின்று இருமி, இன்ஸ்ட்ரக்டர் சிரிப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி மண்டியிடலாம்.

அதே பயம் பத்து மீட்டர் ஆழத்தில் வந்தால் கதை வேறு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிய வாய்ப்பு உண்டு. ஆழம் குறைந்த இடத்திலும் மூச்சை அடக்கக் கூடாதுதான். ஆனால் அந்தப் பாடத்தை உடம்புக்குப் புரியவைக்கச் சரிவான மணல்தான் தோதான இடம். புதுச்சேரியில் இந்தப் பயிற்சிகளை நீச்சல்குளத்தில் முடித்துவிட்டு, படகில் பல கிலோமீட்டர் உள்ளே போய்க் கயிற்றைப் பிடித்து இறங்க வேண்டும். குளத்துக்கும் கடலுக்கும் நடுவே படிக்கட்டே இல்லை. போதாக்குறைக்கு அலை ஆட்டத்தில் படகிலேயே வாந்தி எடுத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு.

இதோடு சேர்ந்ததுதான் தண்ணீரின் தெளிவு. தண்ணீருக்குள் மேலும் போகாமல் கீழும் போகாமல் நிற்பதுதான் ஸ்கூபாவில் பாதி வித்தை. மூச்சை இழுத்தால் உடம்பு கொஞ்சம் எழும்பும், விட்டால் தாழும். இதைப் பழகக் கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும், தரையோ பவளமோ எதுவோ ஒன்று. நாலாபுறமும் ஒரே பச்சையாக இருந்தால் நீங்கள் எழும்பிக்கொண்டிருப்பது ஆழம் காட்டும் டைவ் கணினியின் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகக் கற்பவருக்கு அதைப் பார்க்கத் தோன்றாது. புதுச்சேரியில் நான் இறங்கிய நாட்களில் முன்னால் போகிறவரின் ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு) கொஞ்சம் தள்ளிப்போனதுமே மங்கிவிட்டது. நல்ல நாளில் அங்கும் வெகுதூரம் தெரியும் என்கிறார்கள். அப்படி ஒரு நாள் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, அதனால் என் மதிப்பீடு கொஞ்சம் கறாராக இருக்கலாம்.

ஹேவ்லாக் மீன்களுக்கு வருவோம். காசிமேட்டு ஏலத்தில் மீன் பார்த்து வளர்ந்தவருக்கு இது தனி சுகம். வஞ்சிரம், வவ்வாலை எல்லாம் அங்கே தேடாதீர்கள், பவளப்பாறை வேறு ஊர். சங்கரா உண்டு, மஞ்சள் உடம்பில் நீலக்கோடு போட்ட வகை, கூட்டம் கூட்டமாக. தட்டில் செக்கச்செவேல் என்று கிடக்கும் சிவப்பு மீன் 15 மீட்டரில் சாம்பல் பூசியது மாதிரி இருக்கும். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். டார்ச் அடித்தால் அந்த வட்டத்துக்குள் மட்டும் சிவப்பு திரும்பி வரும். கிளி மீன் பவளத்தைக் கடிக்கும் கறக் கறக் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அது தின்று கழிப்பதும் மணலாகத்தான் சேர்கிறது. களவா ஒன்று வாயைப் பிளந்து அசையாமல் நிற்க, பெரிய மீன்களைச் சுத்தம் செய்யும் விரல் நீள நீலவரி மீன் அதன் பல்லிடுக்கில் புகுந்து செவுள் வழியாக வெளியே வந்ததை நான் சிலிண்டரில் காற்று குறைவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது பெரிய கிளாத்தி மீனிடம். முட்டையிட்டிருக்கும் காலத்தில் துரத்திவந்து கடிக்கும். அதன் எல்லை கூம்பு மாதிரி மேல்நோக்கி விரியும் என்பதால் மேலே போகாமல் பக்கவாட்டில் விலக வேண்டும்.

ஹேவ்லாக்கின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2010லும் 2016லும் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன. கரையோரத்தில் செத்த பவளக் குவியல்களைப் பார்க்கலாம். சீசனில் நீமோவில் ட்ரை டைவ் கூட்டம் நெரியும். டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானீஸ் கார்ஜ் போன்ற பெயர்பெற்ற இடங்கள் ஆழம் அதிகம், கோர்ஸ் முடித்த கையோடு எல்லாவற்றுக்கும் கூட்டிப்போக மாட்டார்கள்.

புதுச்சேரிக்கு என் ஓட்டு எப்போது என்றால், சான்றிதழ் கார்டு கைக்கு வந்த பிறகு. அங்கே டைவர்களே கான்கிரீட், குழாய் என்று போட்டு உருவாக்கிய டெம்பிள் ரீஃப் ஏறக்குறைய 18 மீட்டரில் இருக்கிறது. வெறும் மணல் வெளியில் ஒதுங்க அது ஒன்றுதான் இடம் என்பதால் மீன் அப்பிக் கிடக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு. கார்டு காலாவதி ஆகாது, ஆனால் கைப்பழக்கம் விட்டுப்போகும். வருடக்கணக்கில் இறங்காமல் இருந்தால் ரெஃப்ரெஷர் என்கிற மறுபயிற்சி எடுக்கச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அந்தமான் போக வழியில்லாதவருக்குப் பக்கத்தில் ஒரு கடல் இருப்பது லேசான விஷயமில்லை.

காலம்: அந்தமானுக்கு டிசம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை. அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை, படகு ரத்தாகலாம். புதுச்சேரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை போகவே வேண்டாம், மழையில் ஆற்றுத் தண்ணீர் சேறாக இறங்கும். பள்ளி விடுமுறைக்கு ஏப்ரலில் குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் பத்து வயது நிரம்பிய பிள்ளைகளும் கோர்ஸில் சேரலாம்.

டிக்கெட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். தொடர்ந்து டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, பெரும்பாலான சென்டர்களில் 24 என்பார்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும். ஆகவே கடைசி நாளை டைவ் இல்லாமல் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒதுக்கிச் செல்லுலார் சிறையைப் பார்த்துவிடலாம். கப்பலில் திரும்பினால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பயணம் ஏறக்குறைய மூன்று நாள், புறப்படும் தேதியும் நம் வசதிக்கு வராது. லீவு தாராளமாக இருந்தால் போக விமானம், வரக் கப்பல் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னைத் துறைமுகத்தில் இறங்கினால் நம் பக்கத்து ஆட்களுக்கு வீட்டுக்கு ஷேர் ஆட்டோ போதும்.