மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இல்லத்தரசிகள் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டலாமா?

கட்டலாம். எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று தெரிந்துகொண்டு கட்டவேண்டும், அவ்வளவுதான்.

தொழிற்சாலையில் வழுக்கி விழுந்தவருக்கு இருந்த பாதுகாப்பு, செந்தூல் அடுக்குமாடியில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிக் கை வெந்துபோன பெண்ணுக்கு நெடுங்காலம் இல்லை. 2022-இல் வந்த 838-ஆவது சட்டம்தான் குடும்பத்தைக் கவனிப்பதும் காப்பீட்டுக்குரிய வேலை என்று ஏற்றது. அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் திட்டம் நடப்பில் இருக்கிறது. 55 வயதுக்குட்பட்ட மனைவியர் சேரலாம். சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கும் தடையில்லை. சந்தாவைக் கணவரே கட்டிவிடலாம். வறிய குடும்பங்களைப் பதிவுசெய்யும் அரசின் இகாசே பட்டியலில் பெயர் இருந்தால் கட்டுவதற்குமுன் சொக்சோ முகப்பில் கேளுங்கள். அத்தகைய குடும்பங்களுக்கு அரசே சந்தா கட்டியிருக்கிறது.

மாதத்துக்கு 10 ரிங்கிட் கணக்கில் 12 மாதத்தை முன்கூட்டியே கட்டுகிறோம். முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். புதுப்பிக்காமல் விட்ட இடைவெளியில் விபத்து நடந்தால் கையில் எதுவும் இல்லை.

வீட்டு வேலையால் வந்த காயத்துக்குச் சிகிச்சை, உறுப்பு நிரந்தரமாகச் செயலிழந்தால் இழப்பீடு, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவை உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயாலும் இனி குடும்பத்தைக் கவனிக்கவே இயலாது என மருத்துவக் குழு முடிவு செய்தால் ஓய்வூதியம் கிடைக்கும். பலர் கவனிக்காத பகுதி இது. பக்கவாதம் வந்த வீடுகளில் இதன் அருமை தெரியும்.

கோரிக்கை சிக்குவது பெரும்பாலும் முதல் நாள் மருத்துவக் குறிப்பில்தான். “கீழே விழுந்தேன்” என்று மட்டும் சொன்னால் மருத்துவர் அப்படியே எழுதிவிடுவார். வீட்டு வேலை என்பதற்குச் சான்று எங்கே? “காலை 7 மணிக்கு, துணி காயப்போடும்போது, பால்கனியில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லி, அதை எழுதச் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது நடந்தது என்றால் போலீஸ் புகாரிலும் அந்தக் காரணம் இருக்கட்டும். சிகிச்சைக்கு சொக்சோ பேனல் கிளினிக் (சொக்சோ பட்டியலில் உள்ள கிளினிக்) அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரசீது, எக்ஸ்ரே, மருத்துவக் கடிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

திட்டத்தின் பெரிய ஓட்டை, தற்காலிக இயலாமைக்கு உதவித்தொகை இல்லாதது. ஊழியருக்கு மருத்துவ விடுப்பு நாள்களுக்குப் பணம் உண்டு. கை முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருக்கும் இல்லத்தரசிக்கு அது கிடையாது. அந்த ஆறு வாரமும் வீட்டில் சோறு வேகவேண்டும், குழந்தையைக் குளிப்பாட்டவேண்டும், மாமியாருக்கு மருந்து கொடுக்கவேண்டும். அடுக்குப் பாத்திரத்தில் வீட்டுக்கு வரும் தீங்கட் சாப்பாட்டுக்கும் உதவியாளுக்கும் குடும்பம்தான் செலவழிக்கிறது. அவர் உழைப்பின் விலை பளிச்சென்று தெரிவதே அந்த வாரங்களில்தான், திட்டமோ அங்கே ஒதுங்கி நிற்கிறது. சட்டத்தைத் திருத்தும்போது முதலில் தொடவேண்டிய இடம் இதுவே.

இது சேமிப்பு அல்ல. கட்டிய பணம் திரும்பாது. முதுமைக்கு இபிஎஃப் என்ற சேமநிதியில் தனியாகப் போட்டுவாருங்கள்.