பிங்க் மூன் எல்பி: அந்த ஒரு 'டிக்' மட்டும் போகவே இல்லை

ரெக்கார்டு பிளேயருக்குப் புது ஊசி போட்டிருக்கிறேன் என்றதும் நண்பர் கேட்டார்: "பிங்க் மூன் எல்பி ரெக்கார்டு விலை குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

இதைப் பாடிய நிக் டிரேக் ரங்கூனில் பிறந்த இங்கிலீஷ்காரர், 26 வயதில் போய்ச் சேர்ந்தவர் என்பதெல்லாம் நண்பருக்கும் தெரியும். 1972இல் வந்த அவருடைய இந்தக் கடைசி ஆல்பத்தை லண்டனில் இரண்டே இரவுகளில் பதிவு செய்தார்கள். உடன் இருந்தவர் ஒலிப்பதிவு இன்ஜினியர் ஜான் வுட். ஒரு குரல், ஒரு கிட்டார், முதல் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அவ்வளவுதான்.

என் எரிச்சலுக்குக் காரணமும் அதுதான். மற்ற ரெக்கார்டுகளில் சின்னச் சின்னச் சத்தங்களை டிரம்ஸ் மூடிவிடும். இதில் மூடுவதற்கு எதுவுமே இல்லை. நான் வாங்கியது மறுபதிப்பு, சீல் உடைக்காதது. இரண்டாம் பக்கத்தின் இரண்டாவது பாட்டில் ஒரு 'டிக்'. தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி, அந்தக் கணக்கு தப்பாமல் டிக், டிக். அந்தப் பாட்டோ ஒரே ஒரு கிட்டார் துணுக்கு திரும்பத் திரும்ப வருவது. அதன்மேல் ஒரு முனகல், அப்புறம் நாலே வரி. துணுக்கின் தாளம் ஒன்று, டிக்கின் தாளம் வேறு. காது எதைப் பிடிப்பது?

பிரஷ் போட்டேன், கழுவினேன், இப்போது ஊசியும் மாற்றியாயிற்று. போகவில்லை. அச்சிலேயே வந்த பழுது. கடையில் கேட்டால், சீல் உடைத்ததைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். உடைக்காமல் எப்படிக் கேட்பது?

நியாயமாகவும் பேச வேண்டும். பெங்களூர் அல்சூரில் எங்கள் தெரு இரவு பதினொன்றுக்கு மேல்தான் அடங்கும். அந்த நேரத்தில் முதல் பக்கத்தைப் போட்டால், கம்பிமேல் விரல் நகரும் உரசல்கூட அறைக்குள் கேட்கிறது. 'ரோட்' பாட்டில் இரண்டு பேர் வாசிப்பது போல இருக்கும், ஒரே கைதான். முதல் பக்கம் பதினோரு நிமிடம்தான், உட்கார்ந்ததும் எழ வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பாட்டுகூட அதிகமாக இல்லாத ஆல்பம் எத்தனை இருக்கிறது? கடைசிப் பாட்டு 'ஃப்ரம் த மார்னிங்' வரும்போது மனசு லேசாகிவிடுகிறது, எத்தனை முறை கேட்டாலும்.

இசைக்குப் பத்துக்குப் பத்து. எல்பி வேண்டாம். போனில் நல்ல இயர்போன் மாட்டிக் கேளுங்கள், டிக் இல்லாமல் முழுசாகக் கேட்கலாம். இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், பிளேயர் வைத்திருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். காசைக் கொடுக்கும் முன், அவர்கள் முன்னாலேயே சீலைப் பிரித்து இரண்டாம் பக்கத்தைப் போடச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள்.