இலங்கையா, பிரெஞ்சிந்தியாவா: குடியேற்றக் கால அஞ்சல்தலைகளில் எதைச் சேர்ப்பது?

குடியேற்றக் கால அஞ்சல்தலைகளில் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு ஆழமாகச் சேர்க்க விரும்பும் தமிழருக்கு இரண்டு நாடுகள் இயல்பாகவே முன்னே வந்து நிற்கும். ஒன்று பிரித்தானியர் ஆண்ட இலங்கை. மற்றொன்று புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சிந்தியா. இரண்டையும் பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். இவை இரண்டும் நம்மிடம் கேட்கும் திறமை ஒன்றல்ல: இலங்கைத் தலையில் தாளையும் ஓரத் துளையையும் பார்க்க வேண்டும், பிரெஞ்சிந்தியத் தலையில் அஞ்சலகம் குத்திய முத்திரையையும், தலைமீது பின்னர் அச்சிட்ட மேலச்சையும் படிக்க வேண்டும்.

இலங்கையின் முதல் தலை 1857 ஏப்ரல் 1 அன்று வெளியான விக்டோரியா அரசியின் 6 பென்னி. அடுத்து வந்த எண்கோண வடிவத் தலைகளுள் 1859இன் மங்கிய ரோஜா நிற 4 பென்னி நம்மில் பெரும்பாலோரின் கைக்கு எட்டாதது. ஆகவே விக்டோரியா காலத்தை முழுமையாகச் சேர்த்துவிடலாம் என்ற ஆசையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது. 1872இல் நாணயம் ரூபாய், சதத்துக்கு மாறிய பிறகு வந்தவற்றில்தான் சாதாரணச் சேகரிப்பாளருக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஒரே படம், ஒரே மதிப்பு, ஏறக்குறைய ஒரே நிறம்; ஆனால் தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறியில் மகுடத்துக்குக் கீழே ‘சிசி’ (CC) என்று இருக்கிறதா, 1883 முதல் வந்த ‘சிஏ’ (CA) என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து, சில தலைகளின் விலை பல மடங்கு மாறிவிடும்.

நீர்க்குறியைப் பார்க்கத் தலையைக் கருப்புத் தட்டில் முகம் கவிழ்த்து வைத்து, சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் ஒரு சொட்டு விட வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. அது உலர்வதற்குள், சில நொடிகளுக்கு மட்டும், மகுடமும் எழுத்துகளும் கருமையாகத் தெரிந்து மறையும். அந்தச் சில நொடிகளுக்காகவே இலங்கையைச் சேர்க்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. தாள் ஒட்டியிருக்கும் தலைகளை எல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் மட்டும் இங்கே ஆகாது. முத்திரையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்க, கரையும் மையில் அச்சிட்ட ஊதா, பச்சைத் தலைகள் அக்காலத்தில் உண்டு. அவை நிறம் இழந்தால் மீளாது.

துளை அளவைப் பழகுவதற்கு 1938இல் தொடங்கிய ஆறாம் ஜார்ஜ் வரிசையைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து வேறில்லை. ரப்பர் பால் வெட்டும் காட்சி கொண்ட 2 சதத் தலை மட்டுமே 11½ × 13, 13½ × 13, 13½, 12 என்று பல அளவுகளில் வந்தது. இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதே அந்த எண். முதல் எண் கிடைப்பக்கத்துக்கும் இரண்டாவது நெடும்பக்கத்துக்கும் உரியது. மலிவான கட்டு ஒன்றில் 13½ × 13 அகப்பட்டால் அது நல்ல வேட்டை.

பிரெஞ்சிந்தியாவில் சேர்க்க வேண்டிய தலைகளின் பரப்பு சிறியது. 1892இல் தனித்தலைகள் தொடங்கி 1954 நவம்பர் 1 ஆட்சி மாற்றத்தோடு முடிந்துவிடுகிறது. அஞ்சல்தலைப் பட்டியல் நூலில் சில நூறு எண்களுக்குள் அடங்கும். 1892க்கு முன் எல்லாப் பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கும் பொதுவான தலைகளே புதுச்சேரியிலும் விற்கப்பட்டதால், அவற்றை அடையாளம் காண முத்திரை ஒன்றே வழி. 1914இன் பிரம்மா, காளி கோயில் தலைகள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. நாணயம் மாறியபோது பழைய தலைகள்மீது 1923 முதல் ‘ஃபானோன்’, ‘காஷ்’ என்று மேலச்சு விழுந்தது: 24 காஷ் ஒரு ஃபானோன், 8 ஃபானோன் ஒரு ரூபாய். இவை நம் பணமும் காசும்தான். பிரெஞ்சு எழுத்தில் அவற்றைப் படிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சியை இலங்கைத் தலை எனக்குத் தந்ததில்லை.

ஆனால் இங்கேதான் ஆபத்தும் அதிகம். 1892 வரிசையில் உண்மையான தலையின் துளை 14 × 13½. 13½ × 14 என்றிருந்தால் போலி. ஆளுநர் போன்வேன் 1940இல், ஜெர்மனிக்குப் பணியாமல் போரைத் தொடர்ந்த சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தபின் வந்த ‘பிரான்ஸ் லீப்ர்’ (சுதந்திர பிரான்ஸ்) மேலச்சுகளிலும் போலிகள் மலிந்துள்ளன. ஒரு கண்காட்சியில் அப்படி ஒன்றை நம்பி வாங்கினேன். வீட்டில் சாமணத்தால் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, மேலச்சின் மை அஞ்சல் முத்திரையின் மைக்கு அடியில் இல்லை, மேலே படிந்திருந்தது; முத்திரையில் ஆண்டு 39 என்றும் தெளிவாக இருந்தது. ஆகவே பயன்படுத்திய தலை என்றால் முதலில் முத்திரையின் தேதியைப் படியுங்கள்; விலை உயர்ந்ததானால் நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் இலங்கையைத்தான் சொல்வேன், அதிலும் 1938 வரிசையை. தவறினாலும் இழப்பு சிறிது. ஒரு துளை அளவுகோலும் கருப்புத் தட்டும் போதும். இரண்டு மூன்று ஆண்டுகள் கண் பழகியபின் பிரெஞ்சிந்தியாவுக்கு வந்தால், 1914 தலைகளை முத்திரை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். புதுச்சேரி முத்திரைகள் நிறையவே சேரும். பிரெஞ்சிந்தியாவின் சிறு ஊர்களான ஏனாம், மாகி முத்திரைகளுக்குக் காத்திருக்க வேண்டும்.